ஐரோப்பாவில் பயறுவகைப் பயிர்களில் முனைவர் பட்ட ஆய்வு: முதுநிலை வேளாண்மை முடித்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு ஆண்டுகளில் இருபத்து மூன்று விண்ணப்பங்களை அனுப்பினேன். நான்கு நேர்காணல்களுக்கு அழைப்பு வந்தது. முதலில் கிடைத்த இடத்தைச் சான்றிதழ் தாமதத்தால் இழந்தேன். அதன்பிறகு கிடைத்த இடத்தில்தான் இப்போது ஜெர்மனியில் ஃபாபா பீன் என்னும் பயறுவகைப் பயிரில் ஆய்வு செய்து வருகிறேன். தமிழ்நாட்டில் முதுநிலை வேளாண்மையோ தாவர அறிவியலோ முடித்துவிட்டு இதே வழியில் வர நினைக்கும் உங்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகளும் தேவையில்லை. சரியாகத் திட்டமிட்டால் பன்னிரண்டு முதல் பதினான்கு மாதங்கள் போதும். ஜெர்மனியை மையமாக வைத்து எழுதுகிறேன். மற்ற நாடுகளின் நடைமுறை வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

1. இடம் எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் பாருங்கள்

நம் ஊரில் முனைவர் பட்டம் என்றால் நுழைவுத் தேர்வு, சேர்க்கை, பிறகு உதவித்தொகை என்ற வரிசையில் நினைக்கிறோம். ஜெர்மனி, டென்மார்க், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் பெரும்பாலான ஆய்வு இடங்கள் சம்பள வேலைகளாகவே விளம்பரம் செய்யப்படுகின்றன. ஒரு பேராசிரியருக்கோ ஆய்வு நிறுவனத்துக்கோ ஒரு திட்டத்துக்கான பணம் கிடைக்கிறது, அந்தப் பணத்தில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருவரை வேலைக்கு எடுக்கிறார்கள், அவர் அந்த வேலையையே தம் ஆய்வேடாக எழுதிப் பட்டம் பெறுகிறார். இதைப் புரிந்துகொள்ளாமல் முதல் ஆறு மாதம் நான் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைப் பிரிவுகளுக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்றுகூடப் பயன்படவில்லை.

விளம்பரத்தைத் திறந்ததும் ஆய்வுத் தலைப்பைப் படிப்பதற்கு முன் பணம் பற்றிய வரியைப் படியுங்கள். ஜெர்மன் விளம்பரத்தில் 'டிவி-எல் இ13, 65 விழுக்காடு' என்றிருந்தால், அது மாநில அரசு ஊழியர்களுக்கான சம்பள அட்டவணையில் பதின்மூன்றாம் நிலையில் 65 விழுக்காட்டுப் பணி என்று பொருள். அதன் மொத்தச் சம்பளம் மாதத்துக்கு ஏறத்தாழ 3,000 யூரோ. வரியும் காப்பீடும் போகக் கைக்கு வருவது 2,000 யூரோவை ஒட்டியிருக்கும். தாவர அறிவியலில் 50 முதல் 65 விழுக்காடு வரையிலான பணிகளே அதிகம். 50 விழுக்காடு என்றால் வாரத்தில் பாதி நாள் வேலை என்று எண்ண வேண்டாம். ஆய்வேட்டுக்கான மீதி நேரமும் அதே ஆய்வகத்தில்தான் கழியும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மரீ ஸ்கொடோவ்ஸ்கா கியூரி முனைவர் வலையமைப்புகள் இன்னொரு வகை. இவற்றில் நாட்டுரிமைக் கட்டுப்பாடு இல்லை, விண்ணப்பக் கட்டணமும் இல்லை. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு: உங்களிடம் ஏற்கெனவே முனைவர் பட்டம் இருக்கக் கூடாது, பணியில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அந்த நாட்டில் வசித்தோ வேலை பார்த்தோ படித்தோ இருக்கக் கூடாது. ஜெர்மனியில் முதுநிலை படித்துவிட்டு அங்கேயே இப்படிப்பட்ட இடத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். அவர்கள் பிரான்சிலோ டென்மார்க்கிலோ உள்ள இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். சம்பளத்திலும் ஒரு மயக்கம் இருக்கிறது. 2021 முதல் 2024 வரையிலான அழைப்புகளில் மாதம் 3,400 யூரோ வாழ்க்கைப்படி என்று எழுதியிருப்பார்கள். அந்தத் தொகை நாட்டுக்கு நாடு ஒரு குணகத்தால் மாறும் என்பதோடு, நிறுவனம் உங்களுக்காகக் கட்ட வேண்டிய சமூகக் காப்பீட்டுப் பங்கும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். ஆகவே அதை ரூபாயால் பெருக்கி வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது வகை உதவித்தொகை. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் வழங்கும் தொகைக்குக் கடைசிப் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இந்திய அரசின் சமூக நீதி அமைச்சகம் நடத்தும் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டம் பட்டியல் சாதியினர், சீர்மரபு நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற வேளாண் கூலித் தொழிலாளர் குடும்பத்தினர், மரபுக் கைவினைஞர் குடும்பத்தினர் ஆகியோருக்கானது; குடும்ப ஆண்டு வருமானம் எட்டு லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் நம் வேளாண் கல்லூரிகளில் எத்தனையோ பேர் இருந்தும் இந்தத் திட்டத்தின் பெயரையே கேட்டதில்லை என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வருமானச் சான்றும் சாதிச் சான்றும் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும் என்பதால், அறிவிப்பு வரும் முன்பே அவற்றை வாங்கி வைத்திருங்கள்.

பிரிட்டனில் நடைமுறை வேறு. அங்கே அரசு நிதியுள்ள ஆய்வு இடங்களில் பொதுவாக 30 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டவரை எடுக்க முடியாது. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடிந்து அக்டோபரில் படிப்பு தொடங்கும். உடல்நலக் கூடுதல் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டை, மொத்த ஆண்டுகளுக்கும் சேர்த்து, விசாவுக்கு முன்பே கட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

2. பயிரையும் கேள்வியையும் அறிந்துகொள்ளுங்கள்

நாம் உளுந்து, பாசிப்பயறு, துவரையில் பயிற்சி பெற்றவர்கள். ஐரோப்பாவில் புரதப் பயிர் என்றால் பட்டாணி, ஃபாபா பீன், லூபின், சோயா ஆகிய நான்கும்தான் முன்னிற்கும். அடுத்த நிலையில் கொண்டைக்கடலையும் மைசூர்ப் பருப்பும் வருகின்றன. அந்தப் பயிர்களை நீங்கள் வயலில் பார்த்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவற்றின் சிக்கல்கள் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

ஃபாபா பீனில் வைசின், கான்வைசின் என்னும் இரு பொருள்கள் இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட நொதிக் குறைபாடு உள்ளவர்கள் அந்தப் பருப்பை உண்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். இவற்றின் உற்பத்தியில் முதன்மைப் பங்கு வகிக்கும் மரபணு 2021இல் கண்டறியப்பட்டது. அந்தப் பயிரின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 13 பில்லியன் காரங்கள் கொண்ட மிகப் பெரிய ஒன்று. அதன் முழு வரிசை 2023இல்தான் வெளிவந்தது. பட்டாணியில் அஃபனோமைசஸ் வேரழுகல் நோய் வந்த வயலில் பல ஆண்டுகளுக்கு மீண்டும் பட்டாணி போட முடிவதில்லை. லூபினில் கசப்பு ஆல்கலாய்டுகள். சோயாவில் வட ஐரோப்பாவின் குறுகிய பருவத்துக்கும் நீண்ட பகலுக்கும் ஏற்ற முன்முதிர்ச்சி. இவற்றுக்குமேல், புரத அளவு கூடினால் விளைச்சல் குறைவது என்ற பொதுச் சிக்கல் எல்லாவற்றிலும் இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம் வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்திலோ வேறு எங்கோ உளுந்து மஞ்சள் தேமல் நோய்க்கு வரிசைகளை (ஆய்வுக்காகத் தனித்தனியாக வளர்க்கும் விதை வகைகளை) மதிப்பிட்டவர் நீங்கள் என்றால், பட்டாணி வேரழுகல் திட்டத்துக்கு அந்த அனுபவம் நேரடியாகப் பொருந்தும். பயிரும் நோயும் வேறு. நோய் மதிப்பெண் இடுவதும், வயல் சோதனையை வடிவமைப்பதும், எதிர்ப்புத் திறனின் மரபுவழியை ஆராய்வதும் ஒன்றேதான். இதை நீங்களே எடுத்துச் சொல்லாவிட்டால் தேர்வுக் குழுவுக்குத் தெரியாது, ஏனென்றால் உளுந்து என்ற பயிரையே அவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

3. எங்கே, எந்தச் சொல்லால் தேடுவது

ஐரோப்பிய ஆய்வுப் பணிகளுக்கு யூராக்சஸ் தளம் முதன்மையானது. மரீ கியூரி இடங்கள் அனைத்தும் அதில் வெளிவரும். அதோடு நிறுவனங்களின் பணிவாய்ப்புப் பக்கங்களை வாரம் ஒரு முறை நேரில் பாருங்கள். ஜெர்மனியில் காட்டர்ஸ்லேபனில் உள்ள லைப்னிட்ஸ் தாவர மரபியல் நிறுவனம், கொலோனில் உள்ள மேக்ஸ் பிளாங்க் தாவர இனப்பெருக்க ஆய்வு நிறுவனம், கீசன், கொட்டிங்கன், ஹோகன்ஹைம் பல்கலைக்கழகங்கள், பிரான்சில் தீஜோனில் உள்ள இன்ரே மையம், நெதர்லாந்தில் வாகனிங்கன், டென்மார்க்கில் ஆர்ஹூஸ், கோபன்ஹேகன், இங்கிலாந்தில் நாரிச் நகரின் ஜான் இன்னஸ் மையம். என் பட்டியல் இதுதான். இதிலிருந்து தொடங்கினால் மற்றவை தானே தெரியவரும்.

ஆங்கிலத்தில் 'புரோட்டீன் க்ராப்', 'கிரெய்ன் லெகியூம்' என்று மட்டும் தேடினால் பாதி விளம்பரங்கள் கண்ணில் படாது. ஜெர்மன் விளம்பரங்களில் 'ஐவைஸ்ஃப்ளான்சன்', 'கோர்னர்லெகுமினோசன்' என்ற சொற்கள் வரும். ஃபாபா பீனை 'ஆக்கர்போனெ' என்றும் பட்டாணியை 'எர்ப்செ' என்றும் எழுதுவார்கள். இவற்றை ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். விளம்பரம் ஜெர்மனில் இருந்தாலும் ஆய்வகத்தின் மொழி ஆங்கிலமாக இருக்கலாம். மின்னஞ்சலில் ஒரு வரி கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். வயல் பணியாளர்களோடும் விவசாயிகளோடும் நேரடியாகப் பேச வேண்டிய திட்டங்களில் மட்டும் ஜெர்மன் உண்மையிலேயே கட்டாயமாக இருக்கும்.

வேலை விண்ணப்பத்துக்கு எந்த நிறுவனமும் பணம் கேட்காது. 'பேராசிரியரிடம் இடம் வாங்கித் தருகிறோம்' என்று ஒரு முகவர் என்னிடம் கேட்டது அறுபதாயிரம் ரூபாய். அப்படி யாராலும் வாங்கித் தர முடியாது. ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

4. ஆவணங்கள்: இன்றே தொடங்க வேண்டிய வேலை

நான் முதல் இடத்தை இழந்தது இங்கேதான். வைவா முடிந்து ஐந்து மாதம் ஆகியும் என் பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் தொகுப்புச் சான்று) வரவில்லை. நிறுவனம் இரண்டு முறை கெடு நீட்டித்தது, மூன்றாவது முறை காத்திருப்புப் பட்டியலில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டது. அவர்களைக் குறைசொல்ல முடியாது. திட்டத்தின் பணத்துக்கு ஒரு முடிவு நாள் இருக்கிறது.

உங்களுக்குத் தேவைப்படுபவை: இளநிலை, முதுநிலைப் பட்டச் சான்றிதழ்கள், இரண்டுக்கும் பாடவாரியான மதிப்பெண்களுடன் டிரான்ஸ்கிரிப்ட், பட்டமளிப்பு விழா நடக்காத நிலையில் புரொவிஷனல் சான்றிதழ், பயிற்றுமொழி ஆங்கிலம் என்பதற்கான சான்று, மதிப்பெண் முறையை விளக்கும் கடிதம், முதுநிலை ஆய்வேட்டின் பி.டி.எஃப்., கடவுச்சீட்டு. டிரான்ஸ்கிரிப்டுக்கு விண்ணப்பிக்கும்போது குறைந்தது ஐந்து முத்திரையிட்ட பிரதிகளைக் கேளுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்பது காலத்தையும் பணத்தையும் தின்னும். கடைசிப் பருவத்தில் இருப்பவர்கள் இளநிலை டிரான்ஸ்கிரிப்டை இப்போதே வாங்கிவிடலாம்.

அடுத்தது பெயர். தமிழர்களாகிய நமக்கு இது தனிச் சிக்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்துடன் ஒரு பெயர், பட்டச் சான்றிதழில் முன்னெழுத்து பின்னால் போன பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராக விரிந்த பெயர், வெளியிட்ட கட்டுரையில் நான்காவதாக ஒரு வடிவம் என்று இருந்தால், ஐரோப்பிய அலுவலர் நான்கு வெவ்வேறு மனிதர்கள் என்றே எடுத்துக்கொள்வார். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் பல இணையப் படிவங்கள் அடுத்த பக்கத்துக்கே போகாது. கடவுச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றால் தந்தை பெயரை விரித்துக் குடும்பப் பெயர் கட்டத்தில் நிரப்புங்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால் அதில் உள்ள வடிவத்தையே விண்ணப்பம், கட்டுரை, மின்னஞ்சல் கையொப்பம், ஆய்வாளர்களுக்கான ஓர்கிட் அடையாள எண் என எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள். இந்த வடிவங்கள் எல்லாம் ஒரே நபரைக் குறிப்பவை என்று நோட்டரி முன் ஆங்கிலத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து, அதை எல்லா விண்ணப்பங்களோடும் இணையுங்கள்.

36 பக்கக் கடவுச்சீட்டுக்கான சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்கு 17,000 முதல் 18,000 ரூபாய் வரை ஆகும், மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். ஆகவே முதுநிலை முதலாண்டிலேயே எழுதிவிடாதீர்கள். வேலை வடிவிலான இடங்களில் பல இந்தத் தேர்வையே கேட்பதில்லை. நேர்காணலில் நீங்கள் பேசுவதே போதும். பிரிட்டனுக்கும் சில உதவித்தொகைகளுக்கும் அது வேண்டும். இதேபோல, நிறுவனம் எழுத்தில் கேட்கும்வரை அப்போஸ்டில் முத்திரைக்கோ (ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு இடும் சான்று) மொழிபெயர்ப்புக்கோ பணம் செலவழிக்க வேண்டாம். என் இருபத்து மூன்று விண்ணப்பங்களில் ஒன்றுகூட அதைக் கேட்கவில்லை.

5. மதிப்பெண் மாற்றத்தில் கவனம்

ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்த மதிப்பெண், 4.0 வெறும் தேர்ச்சி. நம் ஓ.ஜி.பி.ஏ.வை (ஒட்டுமொத்தத் தரப்புள்ளிச் சராசரியை) அவர்கள் ஒரு சூத்திரத்தால் மாற்றுவார்கள்: அதிகபட்சத்திலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுவார்கள். நீங்கள் பத்துக்கு 8.4 வாங்கியிருந்து, தேர்ச்சி 5 என்று எடுத்துக்கொண்டால் 1.96 வரும்; தேர்ச்சி 7 என்று எடுத்துக்கொண்டால் அதே 8.4 மதிப்பெண் 2.6 ஆகிவிடும். முதுநிலையில் 2.5க்கு மேல் போனால் ஏற்காத புலங்களும் உண்டு. எனவே தேர்ச்சி மதிப்பெண் என்ன என்பதைப் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திடம் கடிதமாக வாங்குங்கள். உங்கள் பல்கலைக்கழகம் அனாபின் என்னும் ஜெர்மன் தரவுத்தளத்தில் 'எச் பிளஸ்' (அங்கீகரிக்கப்பட்டது) நிலையில் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள், விசாவின்போதும் உதவும்.

6. தன்விவரமும் நோக்கக் கடிதமும்

நம் பயோடேட்டாவில் உள்ள தந்தை பெயர், மதம், திருமண நிலை, 'மேற்கண்டவை உண்மை' என்ற உறுதிமொழி எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். இரண்டு பக்கம் போதும். செய்த நுட்பங்களை அளவோடு எழுதுங்கள்: 'மூலக்கூறு நுட்பங்கள் தெரியும்' என்பதைவிட, '120 வரிசைகளில் இலையிலிருந்து டி.என்.ஏ. பிரித்து 40 எஸ்.எஸ்.ஆர். மரபணுக் குறிப்பான்களைச் சோதித்தேன், பகுப்பாய்வை ஆர் மொழியில் நானே எழுதினேன்' என்பது பத்து மடங்கு வலுவானது. புள்ளியியலுக்கான ஆர் என்னும் கணினி மொழி தெரியாதவர்கள் விண்ணப்பிக்கும் முன் மூன்று மாதம் ஒதுக்கி அதைக் கற்றுக்கொள்ளுங்கள். நான் பார்த்த விளம்பரங்களில் பெரும்பாலானவை அதைக் கேட்டன.

கட்டுரைகளுக்குப் பக்கத்தில் நாஸ் மதிப்பெண்ணை (தேசிய வேளாண் அறிவியல் கழகம் இதழ்களுக்குத் தரும் மதிப்பீட்டை) எழுதுவது நம் வழக்கம். இந்தியாவுக்கு வெளியே அந்த எண் யாருக்கும் தெரியாது. இதழின் பெயரும் கட்டுரையின் டி.ஓ.ஐ. அடையாள எண்ணும் போதும். எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகப் பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் வெளியிடும் இதழ்களில் கட்டுரை போடாதீர்கள். அவை உதவாததோடு ஐயத்தையும் கிளப்பும். நல்ல ஆய்வேடு ஒன்றும், கட்டுரையே இல்லாத தன்விவரமும் இருந்தால் எந்தக் குறையும் இல்லை.

நோக்கக் கடிதம் ஒரு பக்கம். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அந்தக் குழுவின் அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் விடை காணப்படாத ஒன்றைச் சுட்டி, அதற்கு உங்கள் அனுபவம் எப்படி உதவும் என்று இரண்டு பத்திகளில் எழுதுங்கள். நான் ஒரு கடிதத்துக்கு மூன்று நாள் செலவழித்தேன். அப்படி எழுதிய ஆறு கடிதங்களில் நான்குக்கு நேர்காணல் கிடைத்தது. ஒரே அச்சில் அனுப்பிய மற்ற பதினேழுக்கும் பதிலே வரவில்லை.

7. பரிந்துரை

இரண்டு அல்லது மூன்று பேர் தேவை. முதுநிலை ஆய்வு வழிகாட்டி கட்டாயம். விண்ணப்பத்தைச் சமர்ப்பித்ததும் பரிந்துரையாளருக்குத் தானியங்கி மின்னஞ்சல் போகும். அவர் குறித்த நாளுக்குள் இணைப்பைத் திறந்து கடிதம் ஏற்ற வேண்டும். நம் பேராசிரியர்கள் பலர் ஜிமெயில் முகவரியையே பயன்படுத்துகிறார்கள். சில தளங்கள் அதை ஏற்பதில்லை. நிறுவன முகவரி வேலை செய்கிறதா என்று ஐயாவிடமோ அம்மாவிடமோ நேரில் கேட்டு உறுதிசெய்யுங்கள். 'நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்' என்றால் கடிதத்தை எழுதிக் கொடுக்க வேண்டாம். நீங்கள் செய்த வேலைகளை எண்களுடன் ஒரு பக்கக் குறிப்பாகக் கொடுத்து, அவர் நடையில் எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். மூன்று பரிந்துரைகளும் ஒரே நடையில் இருந்ததால் ஒரு நேர்காணலில் என்னிடமே அதைக் கேட்டார்கள். அன்று பதில் சொல்ல முடியவில்லை.

8. நேர்காணல்

பெரும்பாலும் காணொளியில் முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம். முதல் பத்து நிமிடம் உங்கள் முதுநிலை ஆய்வைப் பற்றிய உரை. ஜெர்மனிக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நான்கரை மணி நேர வேறுபாடு, கோடையில் மூன்றரை. மார்ச், அக்டோபர் கடைசி வாரங்களில் நேரம் மாறுவதைக் கவனியுங்கள். 'உங்கள் சோதனையில் எது தவறாகப் போனது, என்ன செய்தீர்கள்' என்று நான்கிலும் கேட்டார்கள். எல்லாம் நன்றாகவே நடந்தது என்ற பதிலை அவர்கள் நம்புவதில்லை. என் இரண்டாம் பருவச் சோதனையில் மழைநீர் தேங்கி ஒரு பிரதியாக்கம் முழுவதும் அழிந்ததையும், மீதியை வைத்துப் புள்ளியியல் ஆய்வை எப்படி மாற்றினேன் என்பதையும் சொன்ன நேர்காணலில்தான் இப்போதுள்ள இடம் கிடைத்தது.

முடிவில் நீங்கள் கேட்க வேண்டியவை: திட்டத்தின் பணம் எந்த நாளில் முடிகிறது, ஆய்வேடு முடியாவிட்டால் நீட்டிப்பு உண்டா, எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கும்.

9. ஒப்பந்தமும் பல்கலைக்கழக ஏற்பும் இரண்டு தனி வேலைகள்

லைப்னிட்ஸ், மேக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள் தாமாகப் பட்டம் வழங்குவதில்லை. காட்டர்ஸ்லேபனில் வேலை செய்பவர்களில் பலர் ஹாலே பல்கலைக்கழகத்திலும், கொலோன் மேக்ஸ் பிளாங்கில் இருப்பவர்கள் கொலோன் பல்கலைக்கழகத்திலும் பட்டம் பெறுகிறார்கள். பணி ஒப்பந்தம் கையெழுத்தானாலும், புலம் உங்களை முனைவர் பட்ட மாணவராக ஏற்றுக்கொள்வது தனி விண்ணப்பம். நம் முதுநிலையைப் பார்த்துவிட்டுக் கூடுதல் பாடங்களை எழுதச் சொல்வதும் உண்டு. வந்து ஓராண்டு கழித்து இதைத் தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தம் வந்த வாரமே புலத்தின் படிவத்தைக் கேளுங்கள். பொதுவாகக் கல்விக் கட்டணம் இல்லை. ஆறு மாதக் கல்விப் பருவத்துக்கு 100 முதல் 400 யூரோ வரை பங்களிப்பு மட்டும் கட்டுவீர்கள், அதில் பல இடங்களில் பயணச்சீட்டும் அடங்கும்.

10. விசா

சம்பள ஒப்பந்தத்துடன் வருபவர்கள் ஆய்வாளர் விசாவுக்கு விண்ணப்பிப்பது வழக்கம். நிறுவனம் உங்களுடன் செய்யும் வரவேற்பு ஒப்பந்தம் அதற்கு அடிப்படை. உதவித்தொகையிலோ சொந்தப் பணத்திலோ வருபவர்களுக்கு மாணவர் வகை விசா. சொந்தப் பணம் என்றால் முடக்கக் கணக்கில் (மாதந்தோறும் ஒரு தொகை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில்) ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். சம்பள ஒப்பந்தம் உள்ளவருக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. 'எல்லாருக்கும் கட்டாயம்' என்று சொல்லும் முகவர்களை நம்பாதீர்கள். தேசிய விசாவுக்கான பொதுக் கட்டணம் 75 யூரோ. 2025 முதல் இணையவழியாகவும் விண்ணப்பிக்கலாம். சென்னைத் துணைத் தூதரகத்தின் பட்டியலில் உங்கள் விசா வகைக்கு உரியதை மட்டும் எடுத்து, அதில் உள்ள வரிசையிலேயே ஆவணங்களை அடுக்குங்கள். கல்விச் சான்றுகளைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்று உங்கள் வகைக்குக் கேட்கப்பட்டால் அதற்குத் தனியாக 18,000 ரூபாயும் பல வாரங்களும் ஒதுக்குங்கள். என் விசாவுக்கு ஏழு வாரம் ஆனது.

11. முதல் இரண்டு மாதத்துக்கான பணம்

ஜெர்மனியில் சம்பளம் மாதக் கடைசியில் வரும். வரி எண்ணும் வங்கிக் கணக்கும் தாமதமானால் முதல் சம்பளம் அடுத்த மாதத்துக்குப் போய்விடும். வீட்டுக்கு மூன்று மாத அடிப்படை வாடகை வரை முன்பணம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. விமானச் சீட்டு நீங்கலாக 2,500 யூரோவாவது கையில் வேண்டும். நான் 1,200 யூரோவுடன் வந்து, சக ஆய்வாளரிடம் கடன் வாங்கினேன். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டு உரிமையாளரின் கையெழுத்திட்ட படிவம் தேவை. ஆகவே அந்தப் படிவத்தைத் தர மறுக்கும் தற்காலிக அறைகளை எடுக்காதீர்கள்.

12. விதைப்புப் பருவத்தை வைத்துத் தொடங்கும் நாளைப் பேசுங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மத்திய ஐரோப்பாவில் பட்டாணியும் வசந்தகால ஃபாபா பீனும் மார்ச், ஏப்ரலில் விதைக்கப்படுகின்றன. மூன்றாண்டு ஒப்பந்தத்தில் உங்களுக்குக் கிடைப்பது மூன்றே வயல் பருவங்கள். விசா தாமதமாகி மே மாதம் வந்து சேர்ந்தால் ஒரு பருவம் போய்விடும், அதாவது உங்கள் வயல் தரவில் மூன்றில் ஒரு பங்கு. ஒப்பந்தத் தொடக்கத்தை அக்டோபர் முதல் ஜனவரி வரைக்குள் வைக்க முடியுமா என்று கேளுங்கள். குளிர்காலத்தில் முந்தைய ஆய்வுக் கட்டுரைகளையும் ஆய்வக நுட்பங்களையும் கற்று, விதைப்புக்குத் தயாராக இருக்கலாம். அதன்படி பின்னோக்கிக் கணக்கிட்டால், முந்தைய ஆண்டின் இறுதியில் ஆவணங்களைத் தொடங்கி, ஜனவரி முதல் மே வரை விண்ணப்பித்து, ஜூலைக்குள் ஒப்பந்தம் பெற்று, ஆகஸ்டில் விசாவுக்குப் போக வேண்டும்.

13. ஊரிலிருந்து விதை கொண்டுவர வேண்டாம்

உங்கள் முதுநிலை ஆய்வின் உளுந்து வரிசைகளை இங்கே கொண்டுவந்து ஒப்பிடலாம் என்று நேர்காணலில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பையில் ஒரு கைப்பிடி விதைகூடப் போடாதீர்கள். இந்தியாவின் உயிரியல் பன்மைச் சட்டம் 2002இன்படி ஆய்வுக்காக உயிர்வளங்களை வெளிநாட்டுக்கு மாற்ற, சென்னையில் தலைமையகம் உள்ள தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் அனுமதி வேண்டியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விதையைக் கொண்டுவரப் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். திட்டத்துக்கு உண்மையிலேயே இந்திய வரிசைகள் தேவை என்றால் அதை உங்கள் நிறுவனமும் இந்திய நிறுவனமும் எழுத்துமூல ஒப்பந்தத்துடன் செய்ய வேண்டும்; அதற்கு ஓராண்டுவரை ஆகலாம் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். விதை வந்து சேரும்வரை செய்வதற்கு உள்ளூர் மரபணு வங்கியின் வரிசைகளை வைத்து ஒரு மாற்றுத் திட்டத்தையும் அதே கூட்டத்தில் முன்வையுங்கள்.